மயில் டீச்சர் போட்ட ‘ஆச்சு’

குறுஞ்சுனைக் காட்டில் ஒரு பால்வாடி இருந்தது. காட்டிலுள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு பிடி தீனி கொடுத்து நடத்திய பொதுப் பால்வாடி. மயில்தான் அங்கே டீச்சர். மாதம் ஒருமுறை நாரையார் மேற்பார்வைக்கு வருவார்.

குட்டிகளுக்கு அங்கே முதல் பாடம் பதுங்கல். தரையில் இறக்கை நிழல் விழுந்தால் புதருக்குள் ஓட வேண்டும். அது தெரியாத குட்டி காட்டிலே பிழைக்குமா, நீங்களே சொல்லுங்கள்!

முயலம்மாவுக்கு ஒரே ஒரு குட்டி. ஒருநாள் சாயங்காலம் அதை அழைத்துப்போக வந்தவள், திறந்து கிடந்த பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். ‘பதுங்கல் பயிற்சி: ஆச்சு’ என்று ஒவ்வொரு நாளுக்கும் எழுதியிருந்தது. நாளைக்கும் ஆச்சு. வரப்போகிற அமாவாசைக்கும் ஆச்சு!

“அடி ஆத்தி! விடியாத நாளுக்கு எப்படி டீச்சர் ஆச்சு போட்டீங்க?”

மயில் டீச்சர் கொண்டையைச் சிலுப்பினாள். “கட்டம் காலியா இருந்தா நாரை ஐயா திட்டுவார். உனக்கென்ன வந்தது? குட்டியைக் கூட்டிக்கிட்டுப் போ!”

மறுநாள்தான் நாரையாரின் மாத வருகை. காலையில் அவர் வருகிற நேரம் பார்த்து முயலம்மா வந்து நின்றாள்.

நாரையாரின் நிழல் தரையில் விழுந்ததோ இல்லையோ, குட்டிகள் ஓடிவந்து வரிசை கட்டின. “வணக்கம், ஐயா!” என்று ஒரே குரலில் கத்தின. நாரையாருக்குப் பல் இருந்திருந்தால் வாயெல்லாம் பல்லாகியிருக்கும்!

“ஐயா, ஏடு கிடக்கட்டும். குட்டிகளைப் பதுங்கச் சொல்லிப் பாருங்க!” என்று கெஞ்சினாள் முயலம்மா.

“என் வேலை ஏட்டைப் பார்ப்பது, அம்மா. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார் நாரையார். ‘மிக நன்று’ என்று எழுதினார். பறந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மறுபடி தரையில் ஒரு நிழல் விழுந்தது. முயலம்மா நிமிர்ந்து பார்த்தாள். பருந்து!

“பதுங்குங்க! ஓடுங்க!” என்று அலறினாள்.

ஒரு குட்டிகூட ஓடவில்லை. ஐயையோ, புதருக்குள் விளையாடிக்கொண்டிருந்த குட்டிகளும் வெளியே வந்தன! வரிசையாக நின்றன. வானத்தைப் பார்த்து, “வணக்கம், ஐயா!” என்றன.

தினமும் மயில் டீச்சர் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

பருந்து இறங்கியது. முயலம்மா பாய்ந்து தன் குட்டியின் மேல் விழுந்தாள். பருந்தின் நகம் பட்டு அவள் முதுகுத் தோல் கிழிந்தது. குட்டி தப்பியது. பக்கத்தில் நின்ற கௌதாரிக் குஞ்சு தப்பவில்லை.

காடே ஓடி வந்தது. தாய்க் கௌதாரி, “எம்புள்ள எங்கே? எம்புள்ள எங்கே?” என்று அங்குமிங்கும் ஓடினாள்.

முயல்குட்டி அம்மாவின் வயிற்றுக்கடியிலிருந்து தலையை நீட்டியது.

“அம்மா, நாங்க எல்லாரும் ஒழுங்காத்தானே வணக்கம் சொன்னோம்? அப்புறம் ஏன் அந்த ஐயா அவனைத் தூக்கிட்டுப் போனாரு?” என்று கேட்டது.

பிள்ளைகளிடம் பார்க்க வேண்டியதை ஏட்டில் பார்த்துவிட்டு ‘நன்று’ என்று எழுதினால், அதற்குப் பலியாவது பிள்ளைகள்தான்.