உப்பில்லாச் சாமியின் தங்கச்சி

ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. விடிகாலையில் போய்ப் பார்த்தால் அது இருக்காது. பனி விலகின பிறகுதான் மெல்ல எழுந்து வரும். கடல் ஏறும்போது நாலு பக்கமும் உப்புத் தண்ணீர், வற்றும்போது நாலு பக்கமும் ஆற்றுத் தண்ணீர். நடுவில் இரண்டு ஓலைக் குடிசை, ஒரு சமையல் கொட்டகை, ஒரு புன்னை மரம், அதனடியில் ஒரு ஊற்று. அங்கே போகிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும். நானும் போயிருக்கிறேன், நானும் தூங்கிவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு குடிசையில் மணல்மேட்டுச் சாமி இருந்தார். இன்னொன்றில் அவருடைய ஒரே சீடன் சொரிமுத்து.

சொரிமுத்து ஊரில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த ஆள். நாற்பது வயதில் எல்லாம் அலுத்துப் போய்ப் படகேறிவிட்டான். வந்தவன் சும்மா இருந்தானா? சாமி ஒரு விரதமும் சொல்லவில்லை. இவனாகவே ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டான். முதலில் இனிப்பை விட்டான். அப்புறம் உப்பை விட்டான். சமையல் பொறுப்பு கைக்கு வந்த அன்றே உப்புச் சாடியையும் கருப்பட்டிப் பானையையும் ஆற்றில் கவிழ்த்தான். கடைசியில் சொந்தபந்தத்தையும் தலைமுழுகினான். படகுக்காரர்கள் அவனுக்கு உப்பில்லாச் சாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரிய சாமி பாவம், அந்தச் சப்பென்ற கஞ்சியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

தினமும் விடியலில் சாமி அவன் குடிசை வாசலில் வந்து உட்கார்ந்து ஏதாவது பேசுவார். அவன் கேட்பான், மனப்பாடம் செய்வான், மறுநாள் அப்படியே ஒப்பிப்பான். ஒருநாள் அவனே கேட்டான்.

"சாமி, வெளிய இருந்து வாறது எல்லாமே அழுக்குதான? கதவ முழுக்கச் சாத்திட்டா உள்ள சுத்தமா இருக்கும்லா?"

பனிக்குள் எங்கேயோ துடுப்புச் சத்தம் கேட்டது. சாமி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கரை தட்டியது. படகுக்காரன் வேதமுத்து கத்தினான். "உப்பில்லாச் சாமியோவ், ஒம்ம தங்கச்சி வந்திருக்கு!"

சொரிமுத்து விருட்டென்று எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். "நான் பாக்க மாட்டேன்னு சொல்லிருங்க சாமி" என்றான் உள்ளேயிருந்து.

அவன் தங்கச்சி பேச்சித்தாய் அதைக் காதால் கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இருக்கட்டும் சாமி. அண்ணன் எப்ப வெளிய வாறானோ அப்ப வரட்டும். நான் இங்கனயே இருக்கேன்" என்று புன்னை மரத்தடியில் போய் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. அவளுக்கு வயிற்றைப் பிசைந்தது. முந்தின நாள் வழியில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள். எழுந்து மரத்துக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பிறகு எழுந்து போகவும் முடியவில்லை. அரிசி கழுவின தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது.

சாமி சீடனின் கதவைத் தட்டினார். "சொரிமுத்து, ஒன் தங்கச்சிக்கு வாந்திபேதி. ஆளு சரிஞ்சு கிடக்கா."

கதவு திறந்தது. ஓடி வந்து பார்த்தவனுக்கு உயிரே இல்லை. காலையில் குரலைக் கேட்ட தங்கச்சியா இது? கண் குழிக்குள் போயிருந்தது. "அண்ணே" என்று அவள் சொன்னது காற்றாக வந்தது. அழுகிற மாதிரி முகம் கோணியது, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் சாமி!"

"படகுல ஆத்துக்கு மேல அரை நாள் பாதை. இந்த நெலமைல ஏத்துனா வழியிலயே போயிருவா. மொதல்ல ஒடம்புல தண்ணி சேரணும்."

சொரிமுத்து கொட்டகைக்கு ஓடினான். ஊற்றில் எடுத்துக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு குடம் இருந்தது. உப்புக் கலக்காத, ஒன்றும் கலக்காத, அவன் பெருமைப்பட்டுக்கொள்கிற தண்ணீர். டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தான். குடித்ததெல்லாம் வந்த வழியிலும் வராத வழியிலும் வெளியே போனது.

"உள்ள போகுது சாமி, நிக்க மாட்டேங்கு!"

"உள்ள எங்க போச்சு?" என்றார் சாமி. "வாய்க்குள்ள போனா ஒடம்புக்குள்ள போன மாதிரியா? அது இன்னும் வீட்டு முத்தத்துலதான் நிக்கு. வீடு அதுக்கு அங்கிட்டு."

"என்ன சாமி சொல்லுதீக?"

"குடல் சுவர்ல கதவு இருக்குய்யா. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவு. அது தெறக்கணும்."

அவன் நாலு பக்கமும் பார்த்தான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் கடல்தண்ணீரை மொண்டு வந்தான்.

சாமி குடத்தின் வாயைக் கையால் மூடினார். "மாங்காயில உப்ப அள்ளிக் கொட்டுனா என்ன ஆகும்?"

"தண்ணி விட்டுக்கும்."

"இவளுக்கும் அதான் ஆகும். உள்ள மிச்சம் இருக்கதையும் இது வெளிய இழுத்துரும். கீழ ஊத்து."

ஊற்றினான். "அப்ப எதுக்குத்தான் சாமி அந்தக் கதவு தெறக்கும்?"

"உப்புக்கும் இனிப்புக்கும். ஆனா சோடியா வரணும். உப்பு தனியா வந்து தட்டுனா அது தெறக்காது. இனிப்பு தனியா வந்தாலும் தெறக்காது. ரெண்டும் கைகோத்து வந்தா வழி விடும். அது ரெண்டும் உள்ள போயிட்டா தண்ணிய யாரும் கூப்பிட வேண்டாம், அதுவா பின்னால போகும். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் கருப்பட்டி. எடுத்துட்டு வா."

சொரிமுத்து நின்ற இடத்தில் நின்றான். கொட்டகையில் இரண்டும் கிடையாது. யார் தூக்கிப் போட்டது என்று அவனுக்கா தெரியாது! தலையில் அடித்துக்கொண்டு படகுக்கு ஓடினான்.

வேதமுத்து துடுப்பை எடுத்தான். "எங்க?"

"உப்பு வேணும். அக்கரையில அளத்துக்குடிக்குப் போ."

வேதமுத்து வாயைத் திறந்தான். சொரிமுத்துவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலியை விழுங்கிக்கொண்டு படகைத் தள்ளினான்.

அக்கரையில் உப்பளம் வெயிலில் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. எது வானம், எது பாத்தி என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் எத்தனை நேரம் நடந்தான் என்று பின்னாளில் கேட்டபோதும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் பட்ட முதல் வீட்டின் முன்னால் போய் நின்றான். கித்தேரியம்மாள் என்ற உப்பளக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யம்மா, கொஞ்சம் உப்பு வேணும். கருப்பட்டியும் வேணும்."

"நீரு அந்த மணல்மேட்டு ஆளுல்லா? ஒமக்கு இது ரெண்டும் ஆகாதும்பாவ. யாருக்கு?"

அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. "என் தங்கச்சிக்கு" என்றான். சொன்னதும் நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதுவிட்டான். கித்தேரியம்மாள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கை உப்பையும் ஒரு வட்டுக் கருப்பட்டியையும் அவன் துண்டில் முடிந்து கொடுத்து, "ஓடும் வே" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

திரும்பி வந்தபோது சாமி சோறு வடித்த கஞ்சியை ஆற வைத்துக் காத்திருந்தார். சொரிமுத்து கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்தான். உப்பை எடுத்தவன் தயங்கினான். அவன் நாக்குக்கு உப்பு மறந்து போயிருந்தது.

"அளவு எப்படி சாமி தெரியும்?"

"ஒன் கன்னத்துல வடியுதுல்லா, அதை நக்கிப் பாரு. அதைவிடக் கரிக்கக் கூடாது."

பார்த்தான். ஒரு சிட்டிகை போட்டான். கஞ்சியையும் நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"ஒரேயடியா ஊத்தாத" என்றார் சாமி. "வாந்தி வந்தா கொஞ்சம் பொறுத்துட்டு மறுபடி குடு. வாசல்ல கூட்டம் போட்டா கதவு தெறக்காது."

தங்கச்சியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகக் கொடுத்தான். மத்தியானம் அசையாமல் கிடந்தது. ஏறின கடல் நின்று யோசித்துவிட்டு இறங்கத் தொடங்கியது. புன்னைப் பூ ஒன்றிரண்டு அவள் மேல் விழுந்தது. சொரிமுத்துவுக்குக் கண் சொக்கியது. சொக்கின கண்ணுக்குள், அவள் உடம்பெல்லாம் தெருத்தெருவாக வீடுகள் இருந்தன. எல்லா வீட்டிலும் சின்னச் சின்னக் கதவுகள். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு யார் யாரோ உள்ளே போனார்கள். பின்னாலேயே ஈரம் தெருவை நனைத்துக்கொண்டு போனது. அவன் திடுக்கிட்டு விழிப்பான், அடுத்த கரண்டியைக் கொடுப்பான்.

வெயில் சாயும் நேரத்தில் அவள் சன்னமாக, "அண்ணே, ஒண்ணுக்கு வருது" என்றாள்.

சாமி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "ஒடம்புல தண்ணி சேந்துருச்சு. பொழைச்சுக்கிட்டா. வேதமுத்து, படகுல பாய விரி. மிச்சக் கஞ்சியையும் எடுத்துக்கோ, வழி நெடுகக் குடுக்கணும்."

சொரிமுத்து தங்கச்சியின் முடியை ஒதுக்கிவிட்டான். "எதுக்கு பேச்சி வந்த? வீட்டுல ஏதும் பிரச்சினையா? ஏதும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்ணே. ஒன்னையப் பாக்கணும் போல இருந்துச்சு. அதான் வந்தேன்."

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பி வழிந்தது. அதைத் துடைக்கக் கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒருத்தியை வாசலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே இருந்தோமே என்று நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் கிடத்தினான். தானும் ஏறப் போனவன், ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு சாமியைத் திரும்பிப் பார்த்தான்.

"சாமி, தெனமும் விடியக் காலம் வந்து எவ்வளவு சொன்னீக. ஒரு வார்த்தை விடாம மனப்பாடம் பண்ணுனேன். ஒண்ணு கூட எனக்குள்ள எறங்கலையே. ஏன் சாமி?"

சாமி படகை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டார்.

"நான் தனியாத்தானய்யா வந்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.