காத்தாயியின் தோணியும் நீர்க்காகத்தின் எண்ணெயும்

ஆற்றில் வாழ்ந்ததெல்லாம் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நீர்க்காகத்தின் இறகில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. இன்றைக்கு வாத்துக்கு எப்படியோ, அன்றைக்கு அதற்கும் அப்படித்தான். முங்கி எழுந்து ஒரு உதறு உதறினால் உடம்பு காய்ந்துவிடும். அதன் வாலடியில் ஒரு எண்ணெய்க் குமிழ் இருந்தது. அலகால் அதை அழுத்தி எடுத்து இறகெல்லாம் தடவிக்கொள்ளும். நீர்ப்பறவைகளிலேயே அதற்குத்தான் எண்ணெய் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு ஓடைகளாகப் பிரிந்து அலையாத்தி மரங்களுக்குள் வளைந்து போகும் ஓர் இடம். அங்கே காத்தாயி என்று ஒருத்தி மீன் பிடித்துவந்தாள். அவளுடைய தோணி ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அவளைத் தவிர மூன்று பேர் உட்காரலாம், நான்காவது ஆள் ஏறினால் கவிழ்ந்துவிடும். ஆனால் ஒடுக்கமான தோணி. மற்றவர்களின் தோணி நுழையாத ஓடைக்குள்ளெல்லாம் அது நுழையும். ஒரு கையால் துடுப்பைப் போட்டு, மறு கையில் தூண்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சலசலக்காமல் வேருக்கும் வேருக்கும் நடுவில் அவள் போவதைப் பார்த்தால், தோணி தானாகப் போகிறது என்றுதான் தோன்றும்.

நீர்க்காகம் அவளுக்குக் கூட்டாளி. அது முங்கி, வேர்களுக்குள் பதுங்கியிருக்கும் மீனைக் கலைத்துவிடும். கலைந்து ஓடிவரும் மீன் காத்தாயியின் தூண்டிலில் விழும். பொடிமீன் எல்லாம் நீர்க்காகத்துக்கு, தூண்டிலில் மாட்டுவது அவளுக்கு. இதுதான் பேச்சு. நாலைந்து வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரு வம்பும் வந்ததில்லை.

வம்பு ஒரு கொடுவா மீனால் வந்தது.

வடக்கு வீட்டுச் செம்பாயி அப்போது நிறைமாதமாக இருந்தாள். கொடுவா மீன் குழம்பு தின்ன வேண்டும் என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காத்தாயியும் நாலு நாளாகத் தேடி, ஐந்தாம் நாள் மத்தியானம் முழங்கை நீளத்தில் ஒன்றை மாட்டிவிட்டாள். பொறுமையாக விட்டு இழுத்து, விட்டு இழுத்து, தோணியின் விளிம்புவரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். கை வைத்துத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நீர்க்காகம் கீழேயிருந்து வந்து அதைக் கவ்வியது.

அதன் தொண்டைக்குள் போகிற மீனா அது? விழுங்கவும் முடியாமல், விடவும் மனசில்லாமல் அது இழுத்த இழுப்பில் கயிறு அறுந்தது. மீன் வாலால் ஒரு அடி அடித்துவிட்டு ஓடைக்குள் போய்விட்டது.

காத்தாயிக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. "பேச்சு என்ன, நீ செய்யிறது என்ன?" என்று கத்திக்கொண்டே துடுப்பை ஓங்கி அடித்தாள். நீர்க்காகம் சட்டென்று முங்கிவிட்டது. துடுப்பு தோணியின் பக்கவாட்டில் போய் விழுந்தது. அந்த இடத்தில் மரத்தில் ஒரு கணு. கணு பிளந்து, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது.

நீர்க்காகம் தள்ளிப் போய்த் தலையைத் தூக்கியது. "ஒரு மீனுக்காக என்னைக் கொல்லப் பாத்தியே அக்கா" என்றது.

"இனிமே என் கண்ணுல படாத. போயிரு!"

அது போய்விட்டது. காத்தாயி ஒரு கையால் தண்ணீரை இறைத்து இறைத்து, எப்படியோ தோணியைக் கரை சேர்த்தாள்.

விரிசல் அடைக்கக் குங்கிலியப் பிசின் வேண்டும். அதை மலையிலிருந்து வருகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவருவார்கள். அந்த வருஷத்துக் குங்கிலியம் எப்போதோ தீர்ந்துவிட்டது. அவள் சம்பம்புல்லின் பஞ்சைத் திணித்து, மேலே களிமண் பூசிப் பார்த்தாள். காய்ந்திருக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரில் இறக்கியதும் களிமண் கரைந்தது. தோணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்காரன் அய்யாறிடம் விஷயத்தைச் சொன்னாள். மீனை நீர்க்காகம் விட்டுவிட்டது என்று சொன்னாளே தவிர, தோணியைத் தான் அடித்ததைச் சொல்லவில்லை. கட்டையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. ஆற்றின் நடுவில் ஒரு மண்திட்டு உண்டு. தண்ணீர் வற்றும்போது முழங்கால் ஆழத்தில் நடந்தே அங்கே போய் மட்டி பொறுக்கலாம். அய்யாறும், அவன் தங்கை செல்லியும், இன்னும் ஐந்து பேரும் போனார்கள். செம்பாயியும் போனாள். வேண்டாம் என்று சொன்னதற்கு, "நடந்தா நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள். காத்தாயி தோணியோடு மல்லுக்கட்டிக்கொண்டு கரையில் இருந்தாள்.

மேற்கே எங்கேயோ மழை பெய்திருக்கிறது. இங்கே வெயில்தான் அடித்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் ஆறு செந்நிறமாகிவிட்டது. முதலில் சருகு வந்தது, பிறகு வேரோடு மரம் வந்தது. கடலிலிருந்து ஓதம் ஏறிவருகிற நேரமும் அதுதான். இரண்டு தண்ணீரும் திட்டைச் சுற்றி மோதிக்கொண்டன. நடந்து போன வழி ஆளை முழுங்கும் ஆழமாகிவிட்டது. திட்டில் நின்ற எட்டுப் பேரும் கூப்பாடு போடுவது கரைக்குக் கேட்டது.

ஊரிலிருந்த மற்ற இரண்டு தோணிகளும் முதல்நாளே இறாலுக்கு முகத்துவாரம் போய்விட்டன. இருப்பது காத்தாயியின் ஓட்டைத் தோணி ஒன்றுதான்.

அவள் அதைத் தண்ணீரில் தள்ளிப் பார்த்தாள். பத்துத் தடவை துடுப்புப் போடுவதற்குள் கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. திரும்பி வந்து தோணியைக் கவிழ்த்தாள். எண்ணெயில் ஊறிய பஞ்சாக இருந்தால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு எண்ணெய் அந்தக் கரையில் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரியும்.

நீர்க்காகங்களின் கூடு ஓடை முனையில் ஒரு பட்டமரத்தில் இருந்தது. அதன் கீழே போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, திட்டுல எட்டு பேர் நிக்கிறாங்க. ஒங்கிட்ட எண்ணெய் கேட்டு வந்திருக்கேன்."

நீர்க்காகத்தின் பெண்டாட்டிதான் எட்டிப் பார்த்தது. "நேத்து அடிக்க வந்துட்டு இன்னிக்கு எண்ணெய் கேக்குறியா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றாள் காத்தாயி. "அடிச்சது தப்புதான். தோணியை ஒடச்சதும் நான்தான். ஊர்ல வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன். அதையெல்லாம் அப்புறம் பேசலாம். திட்டு முழுகிட்டு வருது."

நீர்க்காகம் கிளையில் நகர்ந்து உட்கார்ந்தது. "திட்டுல நிக்கிறவங்க யாரும் என்னை அடிக்கலியே" என்று பெண்டாட்டியிடம் சொன்னது.

"போ, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. குமிழ்ல இருக்குற எண்ணெய் போனா மறுபடியும் ஊறும். இறகுல ஊறிக் கெடக்குறது பொறக்கும்போது வந்தது. அது போனா குமிழ் ஊறினாலும் இறகு அதைப் பிடிக்காது. அதுல மட்டும் கை வச்சிராத."

"சரி" என்று சொல்லிவிட்டு நீர்க்காகம் இறங்கி வந்தது.

காத்தாயி பஞ்சையும் களிமண்ணையும் பிசைந்து கொடுக்க, அது குமிழை அலகால் அழுத்தி அழுத்தி அதில் எண்ணெயை விட்டது. விரிசலில் திணித்துத் தோணியை இறக்கினார்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நீர்க்காகம் தோணியின் முன்முனையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதந்துவரும் மரங்களை அது பார்த்துச் சொல்ல, அவள் துடுப்பைப் போட்டாள். வெள்ளத்தை நேராக எதிர்க்காமல், கரையோரமாகவே மேலே போய், அங்கிருந்து திட்டைப் பார்த்துச் சாய்வாக இறங்கினாள்.

திட்டில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. செம்பாயியையும் வயசான இரண்டு பேரையும் முதலில் ஏற்றினாள். கரையில் அவர்களை இறக்கியபோது அடைப்பு கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. நீர்க்காகம் மறுபடியும் குமிழை அழுத்தியது. இரண்டாம் தடவை மூன்று பேரைக் கொண்டுவந்தாள். வரும் வழியில் ஒரு கட்டை தோணியின் பக்கத்தில் உரசிக்கொண்டு போனது. கரை சேர்ந்து பார்த்தால் பாதி அடைப்பைக் காணோம்.

திட்டில் இன்னும் இரண்டு பேர். அய்யாறும் செல்லியும். செல்லியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் மார்பளவுத் தண்ணீரில் நிற்பது தெரிந்தது.

நீர்க்காகம் குமிழை அழுத்தியது. ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தியது. லேசாக ரத்தம் வந்தது.

"போதும் தம்பி, விடு" என்றாள் காத்தாயி. "நான் இப்படியே போறேன். வேகமா போனா சேந்துருவேன்."

"போகும்போது சேருவ. வரும்போது மூணு பேர் கனம் இருக்குமே?"

அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு தோணியைத் தள்ளப் போனாள்.

"கொஞ்சம் இரு" என்றது நீர்க்காகம்.

அது இடது சிறகை விரித்து, ஒரு இறகை அடியில் கவ்வி, நுனிவரைக்கும் அலகால் இறுக்கி வழித்தது. அலகில் மெழுகு மாதிரி ஒன்று சேர்ந்தது. அதை விரிசலில் தேய்த்தது. அடுத்த இறகை எடுத்தது. அது என்ன செய்கிறது என்று காத்தாயிக்குப் புரிந்துவிட்டது. "அவ என்ன சொன்னா? வேண்டாம்டா!" என்று கையை நீட்டினாள்.

"பேசாம பஞ்சை எடு அக்கா."

அவள் எடுத்துக் கொடுத்தாள். நீர்க்காகம் ஒவ்வொரு இறகாக, இரண்டு சிறகையும், மார்பையும், கழுத்தையும் வழித்து முடித்தது. அவள் கண்ணைத் துடைக்கவும் நேரமில்லாமல் அதைத் திணித்துக்கொண்டே இருந்தாள். அந்த மெழுகு கல் மாதிரி பிடித்துக்கொண்டது.

மூன்றாம் தடவை போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அய்யாறின் கழுத்துக்கு வந்திருந்தது. செல்லியை முதலில் தோணிக்குள் தள்ளிவிட்டு அவன் ஏறினான். மூன்று பேரும் கரைக்கு வந்தார்கள். விரிசலில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எட்டுப் பேரும் பிழைத்தார்கள். கரையில் எல்லோரும் கூடி நின்றபோது, தோணி உடைந்தது எப்படி என்று காத்தாயி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அய்யாறு அதைக் கேட்டுவிட்டு நீர்க்காகத்தின் முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

இரண்டு நாளில் வெள்ளம் வடிந்தது. நீர்க்காகம் வழக்கம்போல ஓடையில் முங்கியது. எழுந்தபோது உடம்பு பாதிதான் மேலே வந்தது. இறகெல்லாம் ஊறிப்போய்க் கனத்தது. பறக்கப் பார்த்தது, முடியவில்லை. ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த காத்தாயி பார்த்துவிட்டுத் துடுப்பை நீட்டி அதைத் தூக்கினாள். வலை கட்ட நட்டிருந்த ஒரு மூங்கிலின் தலையில் ஏற்றி வைத்தாள். அது நடுங்கிக்கொண்டே இரண்டு சிறகையும் அகல விரித்து வெயிலில் காட்டியது.

பெண்டாட்டி வந்து பார்த்தது. திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் குமிழிலிருந்து எண்ணெய் எடுத்து அதன் சிறகில் தடவிப் பார்த்தது. எண்ணெய் பிடிக்காமல் வழிந்துபோனது.

காத்தாயி அன்றைக்கு அதற்குமேல் மீன் பிடிக்கவே இல்லை. தோணியை மூங்கிலோடு கட்டிவிட்டு, சிறகு காயும்வரை அங்கேயே இருந்தாள். "இனிமே நீ முங்க வேணாம். நான் பிடிக்கிறதுல ஒனக்கும் கொடுக்கிறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு? நான் உக்காந்து தின்னுற ஜாதி இல்ல அக்கா" என்றது அது.

மறுநாள் மறுபடியும் முங்கியது. இந்தத் தடவை அது ஒன்றைக் கவனித்தது. முன்பெல்லாம் இறகு தண்ணீரைத் தள்ளித் தள்ளி அதை மேலே தூக்கிவிடும், ஆழத்துக்குப் போகப் படாத பாடு பட வேண்டும். இப்போது ஊறிய இறகின் கனத்தில் அது சிரமமே இல்லாமல் கீழே கீழே போனது. அதுவரை பார்த்திராத ஆழத்தில், அடிமண்ணை ஒட்டி, நல்ல நல்ல மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைக் கவ்விக்கொண்டு, மூச்சு முட்ட மேலே வந்து, தட்டுத் தடுமாறி மூங்கிலில் ஏறியது.

"என்ன ஆச்சு?" என்று காத்தாயி பதறினாள்.

"ஒண்ணும் ஆகல" என்று அது மீனை விழுங்கிவிட்டுச் சொன்னது. "கீழ போறது சுலபமா இருக்கு. மேல வந்தப்புறம் கொஞ்ச நேரம் காயணும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறந்த குஞ்சுகளின் இறகும் அப்படியே இருந்தது, குஞ்சுகளின் குஞ்சுகளுக்கும் அப்படியே. அந்த வெள்ளத்துக்கு அப்புறந்தான், எந்த ஆற்றில் பார்த்தாலும், நீர்க்காகம் மற்றப் பறவைகளைவிட ஆழமாக முங்குகிறது. முங்கி எழுந்ததும் ஏதாவது ஒரு கொம்பில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு நிற்கிறது.