பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொழுத்த மீன்

தெற்குக் கடலில், ஒரு சிறிய தீவை ஒட்டிப் பன்னிரண்டு ஓங்கில்கள் கூட்டமாக வாழ்ந்தன. டால்பினைத்தான் மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். இந்த ஓங்கில்களிடம் ஒரு குறை இருந்தது. கடலில் தங்களைவிடப் புத்திசாலி யாரும் கிடையாது என்று நம்பின.

ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. வேட்டையில் கிடைக்கும் மீன்களிலேயே கொழுத்ததை யாரும் தொட மாட்டார்கள். அது பிள்ளைத்தாய்ச்சிக்கு.

அந்த ஆண்டு பவளி என்ற இளம் ஓங்கில் முதன்முறையாக உண்டாகியிருந்தாள். அதே ஆண்டுதான் கடலும் கொதித்தது. பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. சாளை மீன்கள் சூடு தாங்காமல் கூட்டம் கூட்டமாக ஆழத்துக்குப் போய்விட்டன. நாள்கணக்கில் அலைந்தும் ஓங்கில்களின் வயிறு காய்ந்தது.

கடைசியில் கூட்டத்தின் தலைவன் கொம்பன் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தான். கரையில் இருக்கும் ஆலைகளின் கழிவுநீர் கடலில் வந்து விழும் இடம் அது. அங்கே மடவை மீன்கள் மொய்த்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தது.

அந்தப் பக்கமாக நீந்தி வந்த ஆமையக்கா நின்றாள்.

"கொம்பா, இந்த மீனத் திங்காதீங்க. இதுக கண்ணப் பாரு, புரை விழுந்து கெடக்கு."

"எங்களுக்கு மீன் போதும்க்கா, அதோட கண்ணு எதுக்கு?" என்று சிரித்தான் கொம்பன். "கண்டதையும் தின்னு சாக நாங்க என்ன நண்டா? எங்களுக்கு மூளை இருக்கு."

"மூளை இருக்கு, சரி. அது உங்க வயித்துக்குத் தெரியுமா?"

கொம்பனை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. பசித்த கூட்டத்தை வைத்துக்கொண்டு அவன் வேறென்ன செய்வான்? ஆனால் சிரித்திருக்க வேண்டாம்.

தினமும் கொழுத்த மடவையெல்லாம் பவளிக்குப் போனது. "நல்லாத் தின்னு தாயி. நீ தின்னாத்தான் புள்ள தேறும்" என்று ஊட்டிவிடாத குறையாகக் கொடுத்தார்கள். சில மாதங்களில் பவளியின் தோலில் புண்கள் வந்தன. மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் இருமினாள். பிள்ளை சுமக்கிற அலுப்புதான் என்றார்கள்.

பெண் பிள்ளை பிறந்தது. அது பால் குடிக்கத் தொடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. பவளியின் புண்கள் ஆறின. இருமலும் நின்றது.

"ராசியான புள்ள! ஆத்தா நோவையே போக்கிருச்சே!" என்று கொம்பன் துள்ளினான். கூட்டமே துள்ளியது.

ஆமையக்கா பவளியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வடக்க ஒரு கடல்லயும் இதப் பாத்தேன் பவளி. விஷம் எங்கயும் போகல. மீன்ல இருந்து உன் கொழுப்புல ஏறிச்சு. இப்போ பால்ல எறங்குது. மொதப் புள்ளைக்குத்தான் அம்புட்டும்."

பவளி திரும்பித் தன் பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்போ பால நிறுத்திரட்டுமா?"

"நிறுத்துனா பட்டினியில போயிரும்."

"குடுத்தா?"

ஆமையக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவளி நேராகக் கொம்பனிடம் விரைந்து நீந்தினாள்.

"வேற கடலுக்குப் போயிருவோம்ண்ணே."

கொம்பன் இப்போது சிரிக்கவில்லை. "எங்க போக? ஆழத்துக்குப் போனா பச்சப்புள்ளையால முங்க முடியாது. வடக்கயும் இதே தண்ணிதானாம். எங்க போனாலும், உன் ஒடம்புல ஏறுனது உன்கூடத்தான தாயி வரும்?"

ஒரு பகல் முழுவதும் பவளி பால் கொடுக்கவில்லை. பிள்ளை அவள் வயிற்றை முட்டி முட்டிப் பார்த்தது. பிறகு கேட்டது:

"அம்மா, எம்மேல கோவமா?"

அதற்கு மேல் எந்தத் தாயால் தாங்க முடியும்? பவளி ஒருக்களித்துச் சாய்ந்தாள். பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நீந்தியது.

மூன்றாம் வாரம் அதன் தோலில் புண்கள் வந்தன. பிறகு இருமல் வந்தது. ஒரு நாள் காலையில் அதனால் மூச்சு விட மேலே வர முடியவில்லை. பவளி தன் மூக்கால் தாங்கி அதைத் தூக்கினாள். அது மூச்சு விடவில்லை. மறுபடியும் தூக்கினாள். ஐந்து நாள் அப்படியே தூக்கிச் சுமந்துகொண்டு அலைந்தாள். விட்டுவிடச் சொல்லிக் கூட்டமே கெஞ்சியது. அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. அப்போது அவள் உடம்பில் ஒரு புண்கூட இல்லை.

கண்ணுக்கு மறைவாகக் கடலில் கொட்டுகிற விஷம் எங்கும் தொலைந்து போவதில்லை. ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் வாயில்தான் போய்ச் சேர்கிறது.