நன்றியைத் தேடிய பேராசிரியர்

ஏகாம்பரம் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவர் குரல் கேட்டால் மின்விசிறிகூடத் தயங்கித்தான் சுற்றும். அவருடைய ஆய்வுக்காகப் பத்தாயிரம் வாக்கியங்களை இலக்கணப்படி கிளை கிளையாகப் பிரித்து, கணினியில் மரங்களாக ஏற்றிக் கொடுத்தவள் தினக்கூலிக்காரி செல்லக்கிளி.

பார்வையிட வந்த குழுவின் முன்னால் அவர் "நன்றி" என்ற சொல்லைத் தேடிக் காட்டினார். திரையில் பூஜ்யம். அவருக்குக் காது சூடேறியது.

"ஒரு நன்றிகூட இல்லையா? என்னம்மா வேலை பார்த்திருக்கே? நாளையிலிருந்து வராதே!"

"சரிங்க ஐயா. அதுக்கு முன்னாடி உங்க பேரைத் தேடிப் பாருங்களேன். இந்த மரங்களைப் பத்தி நீங்க எழுதின புத்தகமும் உள்ளேதான் இருக்கு."

தேடினார். அதற்கும் பூஜ்யம். குழுவில் ஒருவர் இருமினார்.

"தேடுற சொல்லுக்கு முன்னாடி ஒரு சாய்கோடுதான் போட்டிருக்கீங்க ஐயா. அது மரத்தோட உச்சியை மட்டும் பார்க்கும். ரெண்டு போட்டா கடைசிக் கிளை வரைக்கும் இறங்கும்."

போட்டார். அவர் பெயர் முந்நூறு இடத்தில் வந்தது. அவர் புத்தகத்தில் சொன்ன நன்றியும் வரிசையாக வந்தது: துணைவேந்தருக்கு, அச்சகத்தாருக்கு, கார் டிரைவருக்கு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியே என் பேரையும் தேடுங்க ஐயா."

இந்த முறை சாய்கோடுகள் இரண்டும் சரியாகவே இருந்தன. பூஜ்யம்.

ஏகாம்பரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்குமே.