செவலையின் காலில் மஞ்சள் நூல்

மூன்றே மூன்று கப்பல் வைத்திருந்த ஒரு ராஜாவின் காலத்தில் நடந்தது இது. பெரிய ராஜா இல்லை. யானை இல்லை, தேர் இல்லை, கோட்டை கொத்தளம் இல்லை. அந்த மூன்று கப்பலைத்தான் ராஜ்ஜியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்காமல் கேளுங்கள், கண்ணுகளா. பெரியவர்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த ராஜாவின் துறையில் சிவந்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கடம்பன், கப்பலில் கயிறு கட்டுகிறவன். பாய்க்குக் கயிறு, நங்கூரத்துக்குக் கயிறு, கரையில் அடித்த முளைக்குக் கயிறு, எல்லாம் அவன் கைவேலை.

ஒரு காற்றுக் காலத்தில் மூன்று கப்பலும் கிளம்பின. சிவந்திக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. வழியனுப்ப வந்தவள், தண்ணீரோரம் கட்டிக் கிடந்த சின்னப் படகைக் காட்டி, "இந்தக் கயிறு என்ன இப்படித் தொங்குது? இறுக்கிக் கட்டக் கூடாதா? படகு போயிடாதா?" என்று கேட்டாள். அழுகையை மறைக்க எதையாவது கேட்க வேண்டுமே.

கடம்பன் சிரித்தான். "அடி பயந்தாங்கொள்ளி! இறுக்கிக் கட்டினா, கடல் ஏறும்போது படகு என்ன செய்யும்? மேலே வர முடியாம, கட்டின இடத்துலயே முங்கிடும். தண்ணி ஏற ஏறக் கயித்தை விட்டுக் கொடுக்கணும் புள்ள."

"நீங்க வந்துடுங்க, அது போதும்" என்றாள் அவள். வேறு எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அப்பன் வந்து பேர் வைக்கட்டும் என்று, அதுவரைக்கும் குட்டான் என்றே கூப்பிட்டாள். கப்பல்கள் திரும்ப வேண்டிய மறு காற்று வந்தது, வீசியது, ஓய்ந்தது. கப்பல் வரவில்லை.

சிவந்தி என்ன செய்வாள்? குழம்பு வைத்தால் இரண்டு பேருக்கு வைத்துவிடுவாள். பாய் விரித்தால் ஓரமாகப் படுத்து, நடுவில் இடம் விட்டுவிடுவாள். வாசலில் யாராவது செருமினால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடுவாள். தெருவில் போகிறவர் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருப்பவன் திரும்பி வர வேண்டும் என்று கரையம்மனுக்கு ஒரு கோழியை நேர்ந்துவிடுவார்கள். அதன் காலில் மஞ்சள் நூலைச் சுற்றி மூன்று முடிச்சுப் போடுவார்கள். ஆள் திரும்பிய அன்றுதான் நூலை அவிழ்த்து, கோழியைக் கோயிலில் கொடுப்பார்கள். அதுவரைக்கும் அந்தக் காலை யாரும் தொடக் கூடாது.

மற்றவர்கள் வளர்ந்த கோழியாகப் பார்த்துத்தான் நேர்வார்கள். சிவந்திக்கு ஏது அந்தப் பொறுமை? கப்பல் வரவில்லை என்று தெரிந்த அன்றைக்கே கொல்லைக்கு ஓடினாள். கையில் சிக்கியது ஒரு குஞ்சு. பூஞ்சிறகு அப்போதுதான் உதிர்ந்து, செம்பட்டையாக நாலு இறகு முளைத்திருந்தது. அதற்குச் செவலை என்று பேர் வைத்தாள். "அம்மா, அவரைக் கொண்டுவந்து சேர்த்துடு" என்று சொல்லிச் சொல்லி, அந்தத் தீக்குச்சிக் காலில் நூலைக் கட்டினாள். கழன்று விழுந்துவிடுமோ என்று பயம். அதனால் முடிச்சை இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். பல்லால் கடித்து இழுத்து இன்னும் ஒரு தடவை இறுக்கினாள்.

குட்டான் குப்புற விழுந்தான், தவழ்ந்தான். அவள் பயமும் அவனோடு சேர்ந்து தவழ ஆரம்பித்தது. அடுப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது, நாலு வீடு தாண்டினால் கடலே இருக்கிறது. பழைய சேலையைக் கிழித்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கொல்லைக் கம்பத்தில் கட்டிப் போட்டாள். அவர் கொடுத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான், இதையும் தொலைத்துவிட்டு என்ன பதில் சொல்வது?

காலையில் எழுந்ததும் மூன்றைப் பார்ப்பாள். கடலில் பாய் தெரிகிறதா? கம்பத்தில் பிள்ளை இருக்கிறதா? கோழியின் காலில் நூல் இருக்கிறதா? நூல் இருக்கிறதா என்றுதான் பார்த்தாள். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை.

செவலை வளர்ந்தது. வளர வளர விந்தி நடந்தது. ஒருநாள் ஒற்றைக் காலில் நின்றது. இன்னொரு நாள் நிற்கவும் முடியாமல் உட்கார்ந்துவிட்டது. மற்றக் கோழிகள் சும்மா இருக்குமா? தீனியில் விடாமல் விரட்டின, கொண்டையில் ரத்தம் வரக் கொத்தின. சிவந்தி அதைத் தூக்கித் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்தாள். அந்த மூங்கில் கூடைக்குள் செவலை, கூடைக்கு வெளியே கம்பத்தில் குட்டான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

பயம் யாரை உட்காரவிட்டது? சிவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு, யோசனை கேட்கக் கிளம்பினாள்.

முதலில் அடுத்த வீட்டு ஒச்சம்மா. மீன் விற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். "ஏடி, நொண்டிக் கோழிக்கா இந்த முகம் காட்டுற? சட்டியில போடு. அம்மனுக்கு வேற ஒண்ணு வாங்கிக்கோ. அவ என்ன எண்ணிக்கிட்டா இருக்கா?"

"நேர்ந்தது இதைத்தானே அக்கா?"

"அப்போ கட்டிக்கிட்டு அழு."

அடுத்தது எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் கொம்பையா வைத்தியர். கூடையைத் திறந்தார், மஞ்சள் முடிச்சின் நுனியைப் பார்த்தார், உடனே மூடிவிட்டார். "நேர்ந்துவிட்ட உயிர் தாயி. சாமி சொத்து. இந்தக் காலை நான் தொட மாட்டேன், நீயும் தொடாதே."

கடைசியில் கரையம்மன் கோயில். சடையன் பூசாரி எட்டி நின்றே சொன்னார். "ஊனக் கோழியை அம்மன் ஏத்துக்க மாட்டா பொண்ணே."

"அப்போ நூலை அவிழ்த்துட்டு வேற கோழியை நேரட்டுமா சாமி?"

"ஆள் வர்றதுக்கு முந்தி நூலை அவிழ்த்தா, நேர்ந்த காரியமும் அவிழ்ந்து போகும். கடல்ல கிடக்கிறவனை நீயே கைகழுவின மாதிரி."

கொடுக்கவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. சிவந்தி வீட்டுக்கு வந்தாள். செவலை தீனியையும் நிறுத்திவிட்டது. அதன் கண் பாதி மூடியே இருந்தது. இது செத்தால் அவர் வர மாட்டார். இதை அவிழ்த்தாலும் அவர் வர மாட்டார். அவளுக்கு இந்த இரண்டும்தான் தெரிந்தன.

மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்ட, இடுப்புத் துணியை அவிழ்த்தாள். துணிக்கு அடியில் இருந்தது ஒரு சிவப்புக் கோடு. இடுப்பைச் சுற்றி, அரைஞாண் போட்டது மாதிரி, தோல் கன்றித் தடித்திருந்தது. தண்ணீர் பட்டதும் குட்டான் வீறிட்டான்.

சிவந்தி செம்பைக் கீழே வைத்தாள். போன மாதம் தளர்வாக இருந்த துணிதானே இது? துணி சிறுத்துவிட்டதா? துணி எங்கே சிறுக்கும். பிள்ளை அல்லவா வளர்ந்திருக்கிறது!

அவள் மெல்லத் திரும்பிப் பஞ்சாரத்தைப் பார்த்தாள். தொங்கிய கயிறும் சின்னப் படகும் ஞாபகம் வந்தன. தண்ணி ஏற ஏற விட்டுக் கொடுக்கணும் புள்ள. அன்றைக்குக் காதில் ஏறாத வார்த்தை, இன்றைக்கு அவன் பக்கத்தில் நின்று சொன்னது போலக் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அதற்காகவே கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெந்நீரில் உப்புப் போட்டு, செவலையை மடியில் வைத்து அந்தக் காலை நனைத்தாள். சேறும் அழுக்கும் ஊறிக் கழன்றன. காலைச் சுற்றி நூலைக் காணோம். சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூடி, முடிச்சின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியைத்தான் இத்தனை நாளும் பார்த்து, 'இருக்கிறது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

ஊசியால் நூலை நெம்பி, சின்னக் கத்தியை அதன் மேல் வைத்தாள். வெட்டினால் அவர் இல்லை. வெட்டாவிட்டால் இது இல்லை. செவலை கத்தவும் தெம்பில்லாமல், அவள் மணிக்கட்டில் அலகை வைத்துப் படுத்திருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் தொடையில் தெரிந்தது.

சிவந்தி கண்ணை மூடிக்கொண்டு வெட்டவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் வெட்டினாள். மூன்று முடிச்சும் போயின.

வேலிக்கு மேலே ஒச்சம்மாவின் தலை தெரிந்தது. "அடிப்பாவி! நூலையா அறுத்தே? கப்பல்ல எங்க வீட்டு ஆளும்தாண்டி இருக்கான்! அம்மன் கோபம் அவனை மட்டும் விடுமா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையா அக்கா?" என்றாள் சிவந்தி. மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் புண்ணில் தடவிக்கொண்டே சொன்னாள். "பயந்து பயந்துதான் இந்தக் காலை இப்படி ஆக்கி வச்சேன்."

அன்று சாயங்காலமே அறுந்த நூலைக் கொண்டுபோய்க் கரையம்மன் முன்னால் வைத்தாள். "அம்மா, நேர்ந்ததை நான்தான் அறுத்தேன். குற்றம் என்னுடையது, அவருடையது இல்லை. கோழியை நொண்டியாக்கி உன்கிட்டே கொடுக்க எனக்கு மனசு வரல. அவரைக் கொண்டுவந்து விடு. விடாட்டாலும் உன்னைத்தானே கேட்கணும்." பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடல் வழக்கம்போல இரைந்தது.

செவலை பிழைத்தது. விந்தல் முழுதும் போகவில்லை. ஒரு அடி நேராக, ஒரு அடி சாய்ந்து நடக்கும். குட்டான் பஞ்சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஒருநாள் பஞ்சாரத்தை விட்டுவிட்டு, செவலையின் பின்னாலேயே நடந்தான். அது சாய்ந்தால் அவனும் சாய்வான். வேகமாகப் போகத் தெரியாத கோழியும், வேகமாகப் போகத் தெரியாத பிள்ளையும். ஊரே பார்த்துச் சிரித்தது.

சிவந்தியின் பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்? பிள்ளை வாசலைத் தாண்டினால் அடுப்பை விட்டு எழுந்துவிடுவாள். ஆனாலும் பின்னாலேயே போவாளே தவிர, கட்டிப்போட மாட்டாள். அப்படிப் பின்னாலே போய்ப் போய்த்தான், கப்பல் வராத நாள் முதல் எட்டி நின்றே பார்த்திருந்த கடற்கரைக்கே மறுபடியும் போகப் பழகினாள். பிள்ளையையும் கோழியையும் மணலில் விட்டுவிட்டு, தண்ணீர் முடிகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏக்கம் அப்படியேதான் இருந்தது. அதைச் சுமந்துகொண்டு நடக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த காற்று வீசியது. ஒரு பாய் தெரிந்தது. ஊர் திரண்டது. முதல் கப்பல் வந்தது. ஒச்சம்மா வீட்டு ஆள் இறங்கினான், கடம்பன் இறங்கவில்லை. இரண்டாவது கப்பல் வந்தது. மிளகு மூட்டை இறங்கியது, கடம்பன் இறங்கவில்லை. ஒச்சம்மா தன் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டே சிவந்தியைப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு மூன்றாவது கப்பல் வந்தது. பாய்மரம் ஒடிந்து, பாய் கிழிந்து, ஒட்டுப் போட்ட கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்தது. தாடியும் எலும்புமாக ஒருவன் இறங்கினான். சிவந்திக்கு முதலில் அடையாளம் தெரிந்தது அந்தக் கைகள்தான்.

"என்ன புள்ள, இளைச்சுட்டியே" என்றான், எலும்பும் தோலுமாக இருந்த அவன்.

அவள் தன் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையைக் காட்டினாள். கடம்பன் இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்தான். குட்டான் பயந்து அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்தான்.

"பிடிக்காதீங்க" என்றாள் சிவந்தி. அவளுக்கே தூக்கி அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. "உட்காருங்க. தானா வருவான்."

அவன் மணலில் உட்கார்ந்தான். மூட்டையை அவிழ்த்தான். வழியில் தின்றது போக மிச்சம் ஒரு பிடி அவல் சிந்தியது. அதைப் பார்த்துவிட்டுச் செவலை கிளம்பியது. ஒரு அடி நேராக, ஒரு அடி சாய்ந்து. செவலை போனால் குட்டான் சும்மா இருப்பானா? சேலையை விட்டான். அவனும் ஒரு அடி நேராக, ஒரு அடி சாய்ந்து நடந்தான். கோழி அவலைக் கொத்தியது. பிள்ளை தடுமாறி, அப்பன் முழங்காலில் கையை ஊன்றி நின்றுவிட்டான்.

கடம்பன் கையை மூடவில்லை.

கொத்துகிற கோழியைப் பார்த்து, "இந்தக் கோழி ஏன் புள்ள நொண்டுது?" என்று கேட்டான்.

"உங்களை ரொம்ப இறுக்கி நினைச்சுட்டேன்" என்றாள் சிவந்தி.

அவன் குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். வளையம் போட்ட தழும்பைப் பார்த்தான். வாழ்நாளெல்லாம் கயிறு கட்டியவனுக்கு மேலே என்ன சொல்ல வேண்டும்? அவல் முழுவதையும் செவலையின் முன்னால் தள்ளிவைத்தான்.

ஆகவே, சின்னவர்களே, பெரியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: அன்பினால் போட்ட கட்டானாலும், உயிர் வளர வளர அதைத் தளர்த்தாவிட்டால், எதைக் காக்கக் கட்டினோமோ அதையே அது முடமாக்கிவிடும்.