மழைக்குப் பங்கு கேட்ட பண்ணையார்

பொட்டல்பட்டிப் பண்ணையார், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் புதுக் குடை பிடித்து ஊரைச் சுற்றி வந்தார். அன்றைக்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அறுப்பு முடிந்ததும் களத்துக்கு வந்து நின்றார். “நான் குடை பிடிச்சேன், மழை வந்துச்சு. என்னால வந்த மழை! பாதி நெல்லை அளந்து போடுங்க.”

துணி வெளுக்கும் செம்பாயி தன் இரண்டு கழுதைகளையும் ஓட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சாமி, மழை வேணும்னு அன்னிக்குக் காலையில இதுக ரெண்டுக்கும் ஊர்கூடிக் கல்யாணம் பண்ணி வச்சோம். அப்புறந்தான் உங்க குடை. இப்ப இதுகளும் பங்கு கேட்குதுக. யாரால வந்த மழைன்னு மூணு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க, அளந்துடுறோம்.”

பண்ணையார் கழுதைகளைப் பார்த்தார். கழுதைகள் பண்ணையாரைப் பார்த்தன.

“மழையெல்லாம் ஆண்டவன் செயல்” என்று சொல்லிக் குடையை மடக்கினார்.