வேதத்துல இல்லாத அம்மா

இல்லட்டி. கெட்ட குமாரன் கதையில அம்மா கிடையவே கிடையாது. நீ என்னை மொறைச்சா வந்துருமா? சபையில சாப்பாடு போடுற அசனப் பண்டிகை நாடகத்துல உனக்கு ஒரு அம்மா வேசம் குடுத்திருக்காங்கல்லா, அது உன் தாத்தா எழுதிச் சேர்த்தது. பைபிளை எடுத்து லூக்கா பதினஞ்சைப் பாரு. அப்பா இருக்காரு. ரெண்டு மகன் இருக்கான். வேலைக்காரன் இருக்கான். பன்னி கூட இருக்கு. அம்மாவைத்தான் காணோம்.

சும்மா சொல்லுதேனா? ஆப்பிரிக்காவுல வச்சு உன் தாத்தா இதுலதான் மாட்டுனாங்க ஹெப்சி. நான் கூடவே இருந்தவ, எனக்குத் தெரியாதா?

மலாவின்னு ஒரு தேசம். அங்க ஒரு ஏரி இருக்கு, அக்கரை தெரியாது. நான் கடல்னே நெனச்சு வாயில ஒரு கை தண்ணி அள்ளி விட்டேன், உப்பே இல்ல. அந்த ஏரிக்கரையில நம்ம கிருபாவதி டீச்சர் வருசா வருசம் போய் வேதப் பாடம் எடுப்பா. அங்க கிராமத்துச் சபைகளுக்கெல்லாம் பாதிரி ஐயர் கிடையாது. மீன் பிடிக்கிறவன், சோளம் போடுறவன், தையக்காரன், இவங்கதான் சபையை நடத்துறாங்க. அவங்களைக் கூப்பிட்டு ஒரு வாரம் உக்கார வச்சுச் சொல்லிக்கொடுப்பா.

அந்த டீச்சர்தான் உன் தாத்தாவுக்கு குரு. சிரிக்காத. அஞ்சாம் கிளாஸ்ல தாத்தாகிட்டப் பிரம்படி வாங்குனவதான் அவ. தாத்தா ஹெட்மாஸ்டர் வேலையிலேருந்து ஓய்வு பெத்ததும், அவ நடத்துன சாயங்கால வேத வகுப்புல போய் மொத பெஞ்சில உக்காந்துட்டாங்க. அவ இவங்களை ‘சார்’ம்பா. இவங்க அவளை ‘டீச்சர்’ம்பாங்க. புதுசா வாரவங்களுக்கு யாரு யாருக்குப் பாடம் எடுக்கான்னே விளங்காது.

அந்த வருசம் அவ தாத்தாவையும் கூப்பிட்டா. “கடைசி நாள் பாடம் நீங்க எடுங்க சார்.” அவ்வளவுதான். ஒரு பெட்டி நிறையச் சாக்பீஸ் வாங்கிட்டாங்க. ஏங்க, அங்க சாக்பீஸ் இருக்காதான்னு கேட்டேன். “இவளே, வாத்தியாருக்கு அடுத்தவன் சாக்பீஸ் சரிப்படாது”ன்னாங்க. விமான நிலையத்துல அதைப் பிரிச்சுப் பார்த்து, ஒவ்வொண்ணா ஒடிச்சு மோந்து பார்த்தான் ஒரு போலீஸ்காரன். பாதி பெட்டி துண்டுதான் போய்ச் சேந்துது.

நான் எதுக்குப் போனேன்? ரசம் வைக்கத்தான். அங்க நிசீமான்னு வெள்ளையா ஒரு களி கிண்டுவாங்க. நம்ம கேப்பைக் களி இருக்கே, அதே பக்குவம். மீன் குழம்போட நல்லாத்தான் இருக்கும். சரி, அதை விடு.

கடைசி நாள் தாத்தா எடுத்த பாடம் கெட்ட குமாரன். இவங்க இங்கிலீஷ்ல சொல்ல, சிக்கோண்டின்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அந்த ஊர்ப் பாஷையில சொல்லுவாரு. மகன் சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டுப் போனது, எல்லாத்தையும் அழிச்சது, பன்னித் தவிடு தின்னது, எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. மகன் திரும்பி வாரான் பாரு, அங்கதான் நம்ம நாடகம் உள்ள புகுந்துட்டு.

நாடகத்துல என்ன? மகன் வாசல்ல வந்து நிக்கான். அப்பா கையைக் கட்டிட்டு, மொகத்தைத் திருப்பிட்டு நிப்பாரு. அம்மா ஓடி வந்து அப்பா காலைப் பிடிப்பா. “உம்ம மகனை உள்ள கூப்பிடும். உமக்கு நெஞ்சு கல்லா?”ன்னு அழுவா. அதுக்கப்புறந்தான் அப்பா மனசு இளகும். நம்ம சபையில அந்த எடத்துல அழாத ஆளு கிடையாது.

அந்த அம்மா எப்படி வந்தான்னா, மொத வருசம் நாடகம் எழுதுனப்ப பொம்பளைக்கு வேசமே இல்ல. பெண்கள் சங்கத்துல ஒரே சண்டை. “பன்னிக்கு நாலு பயலுவ வேசம் கட்டுதானுவ, எங்களுக்கு ஒண்ணு இல்லையா சார்? பன்னிக்கும் கீழயா நாங்க?”ன்னு தையல் டீச்சர் ரோசலின் நேரா ஸ்கூலுக்கே வந்துட்டா. அதுலேருந்துதான் அம்மா. வருசா வருசம் போட்டுப் போட்டு, அது வேதத்துல இருக்குன்னே எல்லாருக்கும் ஆயிட்டு. எழுதுன மனுசனுக்கே அப்படித்தான் ஆயிட்டு.

அங்கயும் அதைச் சொல்லும்போது தாத்தா அழுதுட்டாங்க. கேட்டுட்டிருந்தவங்க கண்ணைத் தொடைச்சாங்க. பின்னால நின்ன பொம்பளைங்க குலவை போட்டாங்க. ஆமாட்டி, நம்ம குலவைதான். தாத்தாவுக்கு ஒரே பெருமை. ஹெட்மாஸ்டர் புத்தி போகுமா? “எல்லாரும் இந்த ஞாயித்துக்கிழமை அவங்கவங்க சபையில இதையே பிரசங்கம் பண்ணணும்”னு வீட்டுப்பாடம் வேற குடுத்துட்டாங்க. அவங்களும் தலையாட்டிட்டு சைக்கிள்லயும் படகுலயும் ஊருக்குக் கெளம்பிட்டாங்க.

சாயங்காலம் சிக்கோண்டி வந்தாரு.

“சார், அந்த அம்மா காலைப் பிடிச்சாங்கன்னு சொன்னீங்களே, அது எத்தனாம் வசனம்? எங்க வேதத்துல தேடிப் பார்த்தேன். காணலை.”

“உங்க மொழிபெயர்ப்புல விட்டுப்போயிருக்கும்”னாங்க தாத்தா. எவ்வளவு தைரியம் பாரு.

“தமிழ்ல இருக்கா சார்?”

“இல்லாமலா? இந்தா காட்டுதேன்.”

கண்ணாடியைப் போட்டு வேதத்தைத் திறந்தாங்க. மேலேருந்து கீழ வாசிச்சாங்க. திரும்ப மேலேருந்து வாசிச்சாங்க. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாங்க. மொகம் வெளுத்துட்டு. நான் சக்கரை எறங்கிட்டோன்னு வெல்லம் எடுக்க ஓடுனேன்.

அப்புறம் ரெண்டு நாளு மனுசனுக்குச் சோறு எறங்கலை. டீச்சர்கிட்டப் போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி நின்னாங்க.

“டீச்சர், தப்புப் பண்ணிட்டேன்.”

“தெரியும் சார். நானும் கேட்டுட்டுதான இருந்தேன்.”

“அப்பவே சொல்லலாம்லா?”

“அழுதுட்டிருந்தீங்க சார்.”

“அந்த அப்பா மகனைத் தூரத்துல பார்த்ததுமே தானா ஓடுறாருன்னு எழுதியிருக்கு. நான் அம்மாவைக் கெஞ்ச வச்சுல்லா அவரை அசைச்சிருக்கேன். ஆண்டவர் இப்படித்தான்னு சொல்ல வந்த கதை அது. அவரைப் போய்க் கல்லா ஆக்கிட்டேன். நாளைக்கழிச்சு ஏரிக்கரை பூரா இதைப் பிரசங்கம் பண்ணப் போறாங்க.”

“அவங்க கையில புஸ்தகம் இருக்கு சார்.”

“எங்கிட்டயுந்தான் இருந்துது! எல்லாருக்கும் போன் போடச் சொல்லுங்க டீச்சர்.”

“போன்ல திருத்துற தப்பா சார் இது?”

தாத்தா கேக்கலை. சனிக்கிழமை காலையில சட்டை மாட்டி, தொப்பி வச்சு, ஊர் ஊராப் போய்ச் சொல்லுதேன்னு வாடகை மோட்டார் சைக்கிளுக்குச் சொல்லி விட்டுட்டாங்க. அது எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரியுற ஒரு வண்டி. நான் மறிச்சேன், கேக்கலை. டீச்சர் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து மாமரத்தடியில போட்டா.

“போறதுக்கு முன்னால அந்தப் பகுதியை எனக்கு ஒரு தடவை வாசிங்க சார். சத்தமா.”

உக்காந்து வாசிச்சாங்க. பன்னி வந்துது. மகனுக்குப் புத்தி வந்துது. எந்திச்சு நடந்தான். அப்பா அவனைத் தூரத்துல பார்த்து மனசு உருகி ஓடுறாரு பாரு, அந்த எடத்துல சத்தம் நின்னுட்டு.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க?”

“கண்ணு மங்குது.”

“கண்ணாடி போட்டுத்தான சார் இருக்கீங்க?”

டீச்சர் மெதுவா வேதத்தை வாங்கி மூடுனா. “நாளைக்கு லாமெக் சபைக்குப் போலாம். நடக்குற தூரந்தான். வண்டிக்காரனைப் போகச் சொல்லுங்க.”

லாமெக்குங்கிறவன் அந்த வகுப்புல இருந்தவன். மீன் பிடிக்கிறவன், நல்ல ஒசரம். அவன் சபைக்குச் செங்கல் சுவரு, மேல ஓலை. ஞாயித்துக்கிழமை நாங்க போய் உக்காந்தோம். தாத்தாவுக்கு வேர்த்து ஊத்துது. சிக்கோண்டி காதுல சொல்லச் சொல்ல, தாத்தா என் கையை இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பிடிக்கலை.

லாமெக் ஆரம்பிச்சான். மகன் போனான். பன்னி மேய்ச்சான். திரும்பி வாரான். தாத்தா கண்ணை மூடிட்டாங்க.

“அப்பா தூரத்துலயே பார்த்துட்டாரு”ன்னாரு சிக்கோண்டி. “ஓடுறாரு. லாமெக் சொல்லுதாரு, வலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடுறாரு. வயசான மனுசன், வேட்டி தடுக்குது, ஓடுறாரு.”

“அம்மா?”

“இல்ல சார்.”

“அம்மா வரலையா?”

“வரலை சார். கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டாரு.”

தாத்தா விட்ட மூச்சு இருக்கே, முன்னால உக்காந்திருந்த பொம்பளை திரும்பிப் பார்த்தா. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு ரெண்டு தடவை சொன்னாங்க, கொஞ்சம் சத்தமாவே. சபையில இருந்தவங்க பிரசங்கத்துக்குச் சொல்லுதாருன்னு நெனச்சு அவங்களும் சொன்னாங்க.

முடிஞ்சதும் லாமெக் வீட்டுல சாப்பாடு. ரெண்டு நாள் பட்டினி கெடந்த மனுசன் களியை உருட்டி உருட்டி மீனோட முழுங்குதாங்க. நான்தான் கண்ணைக் காட்டி நிறுத்துனேன். வயிறு நெறைஞ்சதும் வேற கவலை வந்துட்டு.

“டீச்சர், ஒரு முழு நாள் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேன். ஒண்ணு கூடவா அவன் மனசுல நிக்கலை?”

“நிக்கக் கூடாதுன்னுதான சார் ரெண்டு நாளா ஜெபம் பண்ணுனீங்க?”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. தாத்தாவுக்குப் பொறுக்கலை. சிக்கோண்டி மூலமா லாமெக்கிட்டயே கேட்டுட்டாங்க. “நான் ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னேனே, அதை ஏன் விட்டுட்டீங்க?”

லாமெக் கையைக் கழுவிட்டு வந்து தாத்தாவுக்கு எதுக்க முட்டி போட்டு உக்காந்தான். அங்க பெரியவங்ககிட்ட அப்படித்தான் பேசுவாங்க. அவன் சொன்னதைச் சிக்கோண்டி சொன்னாரு.

“அது உங்க அம்மா கதைல்லா? அதை நான் எப்படி எங்க சபையில சொல்லலாம்? அப்பா, மகன் எல்லாத்தையும் சொல்லும்போது நீங்க வாத்தியார் மாதிரி சொன்னீங்க. அந்த அம்மா காலைப் பிடிச்சதுன்னு வரும்போது உங்க கொரல் மாறிட்டு. புஸ்தகத்துல பார்த்தோம், அவங்க இல்ல. அப்போ இது அவரு வீட்டுல நடந்ததுன்னு நாங்க படகுல போகும்போதே பேசிக்கிட்டோம். அம்மா சுகமா இருக்காங்களா?”

தாத்தா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க.

எனக்கு அப்பதான் ஒறைச்சுது ஹெப்சி. தையல் டீச்சர் போட்ட சண்டையிலதான் அந்த வேசம் வந்துதுன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன். தாத்தா சின்ன வயசுல வீட்டுல சொல்லாம பம்பாய்க்கு ஓடிப் போனாங்க. மஞ்சக்காமாலையோட திரும்பி வந்தாங்க. எங்க மாமனார் கதவைத் தாழ் போட்டுட்டு உள்ள உக்காந்துட்டாரு. மாமியாதான் அவரு காலைக் கட்டிட்டு அழுதிருக்காங்க. பொழுது சாஞ்சு கதவைத் திறந்தாராம். திறந்தாரே தவிர, சாகுற வரைக்கும் மகன் மொகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசலை. இதெல்லாம் மாமியா எங்கிட்டச் சொன்னது. தாத்தா வாயால நான் கேட்டதே இல்ல.

“சுகமா இருந்தாங்க”ன்னாங்க தாத்தா. “நல்ல அம்மா.”

லாமெக் சந்தோசமாத் தலையாட்டுனான். வேற ஒண்ணும் கேக்கலை.

திரும்பி வரும்போது ரெண்டு பக்கமும் சோளக்காடு. நல்ல காத்து. தாத்தா தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு நடந்தாங்க. ரெண்டு நாளா வளைஞ்சு கெடந்த முதுகு நேரா இருந்துது. டீச்சரும் அவங்களும் முன்னால போனாங்க. நான் பின்னாலயே வந்தேன், எல்லாம் கேக்குற தூரந்தான்.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“ஊருக்குப் போனதும் அந்த அம்மாவை நாடகத்துலேருந்து எடுத்துரவா?”

டீச்சர் செருப்புல ஏறுன மண்ணைத் தட்டுனா. மறுபடி மாட்டிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தா.

“எதுக்கு சார்? அம்மா இருக்கட்டும். இந்த வருசம் அப்பாவைக் கொஞ்சம் ஓட விடுங்க.”

தாத்தா தொப்பியைத் தலையில வச்சிட்டு நடையைக் கூட்டுனாங்க.

ச்சூ, செருப்புச் சத்தம் கேக்கு. தாத்தா வந்துட்டாங்க. நான் சொன்னேன்னு காட்டிக்காத, என்ன? ஏ மருமவளே பியூலா! மாமா வந்தாச்சு, காப்பியை இங்கயே கொண்டா! சீனி போடாம!